மருந்து டப்பாவில் மைதா மாவு

ஏழு அக்கா தங்கைகளில் மூத்தவளுக்கு வாய்த்தது உப்பு பூத்த நிலமும், பிடிவாதம் பிடித்த புருஷனும். இரண்டு தடவை நட்ட தக்காளி கருகிப்போனது. "இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தை வித்துடுவேன்" என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

விவசாய ஆபீஸில் அவளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். வேரோடு ஒட்டி வளர்கிற நல்ல பூஞ்சணமாம். அது இருந்தால் உப்பு மண்ணிலும் செடி தாக்குப்பிடிக்குமாம். ஒவ்வொரு நாற்றின் வேரடியிலும் வைத்து நட்டாள்.

"பூஞ்சணத்தை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டு உபசாரம் பண்ணுவாங்களாடி?" என்று புருஷன் பூஞ்சணக்கொல்லி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நடவு முடிந்தால் அந்த மருந்தைக் கரைத்து ஊற்றாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஊற்றினால் நல்ல பூஞ்சணமும் சேர்ந்து செத்துப்போகும்; வேண்டாம் என்றாலோ வீம்புக்கு இரண்டு பங்கு ஊற்றுவார். அதனால் முந்தின நாளே மருந்தை ஒளித்துவிட்டு, டப்பாவில் மைதா மாவை நிரப்பியிருந்தாள். மனுஷன் பாத்தி பாத்தியாக மாவுத்தண்ணீர் ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

செடிகள் கொத்துக்கொத்தாகக் காய்த்தன. புருஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா, எல்லாம் என் மருந்து பண்ண வேலை! இந்த நிலத்தையா விக்கச் சொன்னே?"

"என் புத்தி அவ்வளவுதாங்க" என்றாள். அன்றைக்கே மளிகைக் கடையில், அடுத்த நடவுக்கு இரண்டு கிலோ மைதா சொல்லி வைத்தாள்.