முயல் ஸ்கோப்பும் முன்னால் இழுத்த சீட்டும்

துப்பாக்கிக் கடையில் வேலை என்று சொல்லியிருந்தால் திருச்சியில் எனக்கு யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளையாகக் கல்யாணம் முடிந்து, ஆக்லாந்து வந்த பிறகுதான் இந்த வேலை அமைந்தது.

நான் துப்பாக்கி விற்பதில்லை. அதற்கு முதலாளி கிரஹாம் இருக்கிறார். ஆக்லாந்தை ஒட்டிய சிற்றூரான புக்கெகோஹியின் கடைத்தெருவில் உள்ள அவர் கடையில், முயல் சுடுகிற டுவென்டி டூ என்கிற சின்ன ரைபிளின் மேல் மாட்டும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஸ்கோப்புகளை, அதிலும் விலை குறைந்தவற்றை விற்பது என் பாடு. ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். லென்ஸ் தெரிந்தவன் என்று வேலை கொடுத்துவிட்டார். சாப்பாட்டில் நான் சைவம் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு, அதுவும் வீட்டில் ஒருவர் பகலிலும் ஒருவர் இரவிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு, என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. என் மனைவி மலர் நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். அவளுக்கு நைட் டூட்டி. வீட்டுக்கு ஒரே கார். காலையில் அவள் இறங்குவாள், நான் ஏறுவேன். மாலையில் நான் இறங்குவேன், அவள் ஏறுவாள். "சாம்பார் ஃப்ரிட்ஜில இருக்கு" என்பேன். "பெட்ரோல் போடுங்க" என்பாள். எங்கள் குடித்தனம் அவ்வளவுதான். லீவு நாள்கூட ஒத்துப்போவதில்லை. காலையில் நான் உட்காரும்போது சீட் மட்டும் கொஞ்சம் சூடாக இருக்கும். டே டூட்டி வேண்டுமென்று அவள் கேட்டு வைத்திருந்தாள். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன, பதில் வரவில்லை.

பெரிதாகத் தெரிய வேண்டும்

செந்தில் ஆக்லாந்து நகரத்துக்குள் எல்லர்ஸ்லியில் ஐ.டி. வேலை பார்க்கிறவர். புக்கெகோஹிக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி ஆசையாகக் கீரை போட்டார். அவருக்கு முந்தி முயல்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டன. முறைப்படி லைசென்ஸ் எடுத்து, ரைபிள் வாங்கி, என்னிடம் வந்து, "இருபத்தி நாலு மடங்கு பெருசாத் தெரியணும், விலையும் கம்மியா இருக்கணும்" என்றார்.

முயலுக்கு நாலு மடங்கு தாராளம் என்று சொல்லிப் பார்த்தேன். மலிவான ஸ்கோப்பில் மடங்கு கூடக்கூட வெளிச்சம் குறையும், பார்வை வட்டம் சுருங்கும், கை லேசாக ஆடினாலும் உலகமே ஆடும். கேட்பாரா? நான் சின்னச் சாமானை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். பெரியதையே வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"காதுல இருக்கிற முடி ஒவ்வொண்ணாத் தெரியுதுண்ணா. முயல் எங்க இருக்குன்னுதான் தெரியல."

சந்தனம், குங்குமம்

நாலு மடங்குக்கு மாற்றிக் கொடுத்தேன். அதில் குறி சரியாக விழுந்தது, கீரையும் பிழைத்தது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் செந்தில் மறுபடியும் ஸ்கோப்போடு வந்தார். எதைப் பார்த்தாலும் செக்கச்செவேல் என்று மங்கலாக இருக்கிறதாம், உள்ளே ஏதோ உடைந்துவிட்டதாம்.

வாங்கிப் பார்த்தேன். முன் லென்ஸின் நட்ட நடுவில் சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தது. வீட்டில் பூஜை போட்டபோது கம்ப்யூட்டர், கார், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அவர் மனைவி, மகராசி, இதற்கும் கண்ணிருக்கும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். சிரிப்பு வந்தாலும் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. அன்று காலை எங்கள் கார் ஸ்டீயரிங்கிலும் ஒரு சின்னப் பொட்டு இருந்தது. மலர் எப்போது வைத்தாள் என்று தெரியாது, சொல்லவும் இல்லை. கை பட்டு அழிந்துவிடாமல் ஓரமாகப் பிடித்தே ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

மெல்லிய பிரஷ்ஷால் லென்ஸைச் சுத்தம் செய்வதைக் கிரஹாம் பார்த்தார். வருஷத்துக்கு ஒருநாள் எங்கள் ஆட்கள் தொழில் சாமான்களைக் கும்பிடுவார்கள் என்று விளக்கினேன். யோசித்துவிட்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நல்ல பழக்கம். அடுத்த வருஷம் லென்ஸ் மூடியின் மேல் வைக்கச் சொல். மூடி எதற்குக் கொடுக்கிறோம்?"

அவள் கண்ணுக்கு

ஸ்கோப்பை ரைபிளில் பூட்டும்போது ஒரு வேலை இருக்கிறது. கடையின் பின்னறையில், குண்டு இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுதாகத் தெரிகிறவரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, தெரிந்த இடத்தில் திருகாணியை முடுக்குவேன். ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறும்.

பிரையன் என்ற வெங்காய விவசாயி தன் மனைவியின் ரைபிளைக் கொண்டுவந்தார். மனைவி ஆஸ்திரேலியாவில், படுக்கையில் கிடக்கும் தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று இவருக்கே தெரியாது. "அவளுக்குப் பொருந்துகிற மாதிரி மாட்டு" என்றார். ஆறடி மனிதர் முழங்காலை மடக்கி மனைவியின் உயரத்துக்கு இறங்கினார், மனைவி தலையைச் சாய்க்கிற மாதிரியே சாய்த்தார், "இன்னும் கொஞ்சம் பின்னால். அவள் கன்னத்தை ஒட்டி வைப்பாள்" என்றார். முழங்காலை மடக்குவதற்கும் ஸ்கோப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும்போது, "அவள் வந்து முதல் முயலைச் சுடட்டும், அதுவரை முயல்கள் சாப்பிடட்டும்" என்று சிரித்தார்.

மலர் என்னைவிடக் குள்ளம். அவள் முன்னால் இழுத்து வைத்த சீட்டைக் காலையில் ஏறியதும் பின்னால் தள்ளுவது என் வழக்கம். பிரையன் வந்து போன மறுநாள் எனக்குத் தள்ளத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்தேன். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, அவள் உட்கார்ந்த இடத்தில், அவள் பார்க்கிற மாதிரியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு புக்கெகோஹி வரைக்கும் வந்தேன். அவள்மேல் அவ்வளவு ஏக்கமாக இருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவள்மேல் ஏக்கம் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். திரும்பும்போதும் தள்ளவில்லை. மாலையில் மலர் ஏறி, சீட்டை இழுக்கக் கையைக் கீழே விட்டாள், இழுக்கத் தேவையிருக்கவில்லை. வெளியே நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"பைத்தியமா நீங்க? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

கிட்டே வந்தால்

சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், வெங்காயம் பொதி செய்யும் இடத்தில் வேலை. முயல் சுட ஒரு மலிவு ஸ்கோப் பார்க்க வந்தவர் கடைக்குள்ளேயே அதைக் கண்ணில் வைத்துவிட்டு, "தம்பி, இது எல்லாம் மங்கலாக் கிடக்கு" என்றார். இந்த விலையில் வருவதெல்லாம் ஐம்பது மீட்டருக்கு என்று அமைத்தே வரும், கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது என்று சொல்லி, வாசலுக்கு அழைத்துப் போனேன். ஸ்கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கார் பார்க் கோடியில் இருக்கும் பலகையை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவோம். ஆட்களைப் பார்க்கக் கூடாது என்பது கிரஹாமின் சட்டம்.

பலகை தெரிகிறதா என்று முதலில் நான் பார்த்தேன். வட்டத்துக்குள் மலர் வந்து நின்றாள். தூங்க வேண்டிய நேரத்தில், நைட் டூட்டி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், பஸ்ஸில் வந்திருக்கிறாள். முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம் உட்பட. ஸ்கோப்பை இறக்கத் தோன்றவில்லை. அவள் நடந்து வர வர மங்கினாள், கிட்டே வந்ததும் வெறும் நீலக் கறையானாள். நான் தேடிக்கொண்டே இருந்தேன். அவளே கையால் ஸ்கோப்பைத் தாழ்த்தினாள்.

"டே டூட்டி குடுத்துட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து."

"இதப் போன்லயே சொல்லியிருக்கலாமே, மலர்?"

"சொல்லியிருக்கலாம். உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க முடியாதே."

என் மூஞ்சி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. சிவநேசன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டோமே என்று நான் ஸ்கோப்பை நீட்ட, அவர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இதையே எடுக்கிறன் தம்பி. நீங்கள் போய் அவவோட கதையுங்கோ. முயல் ஒரு இடமும் போகாது."

இப்போது இரண்டு பேருக்கும் பகல் வேலை என்பதால் காரை மலருக்கு விட்டுவிட்டு ரயிலில்தான் கடைக்கு வருகிறேன். ரயில் சீட்டை யாரும் எனக்காகச் சூடாக்கி, முன்னால் இழுத்து வைத்திருப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.