மூக்கில்லாத லாரியில் ஏறிய முதல் கார்

பிள்ளைகளே, நேற்று தேவிபட்டினத்தில் படகைக் கடலுக்குள் வழுக்கி இறக்கும் பலகைக்கு மீன் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை என்னை, இன்று பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அப்போது நின்ற எங்கள் தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டது.

அங்கேதான் என் அய்யா, இன்ஜின் மேலேயே டிரைவர் உட்காரும் மூக்கில்லாத பழைய லாரி ஒன்றை, வெல்டிங் பொறியும் உளிச் சத்தமுமாக ஒரு கோடை முழுக்க உழைத்து, பழுதான கார்களை மதுரைக்கு ஏற்றிப்போகும் வண்டியாக மாற்றினார். நான் படித்த நாலு எழுத்தும் அந்த வண்டி தந்ததுதான்.

அந்த லாரிக்கும், கார் ஏறுவதற்கான சாய்வுக்கும் பலகை அடித்தவர் படகு கட்டும் காதர் மாமா. முதல் காரை ஏற்றும் நாளில், பழக்கதோஷத்தில் அந்தச் சாய்வுப் பலகைக்கும் மீன் எண்ணெய் தடவிவிட்டார். கார் பாதி ஏறிச் சறுக்கியது.

"ஏம்ப்பா, இதென்ன கடலா? நான் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்றார் கார்க்காரர்.

அம்மா சட்டி சட்டியாக மணலை அள்ளிவந்து பலகையில் கொட்டி, "இப்பத் தள்ளுங்க" என்றாள். எல்லோரும் தள்ள, கார் ஏறிவிட்டது.

"எனக்கு எறக்கித்தான் பழக்கம், தங்கச்சி" என்று காதர் மாமா தலையைச் சொறிந்தார்.

அய்யா லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து, அம்மாவிடம், "ஏறு புள்ள, மதுரை பாத்துட்டு வருவோம்" என்றார்.