மழை நாளில் ஃபேக்டரி பஸ்

ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் மட்டும் போதாது, திட்டு வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் ஓட்டியவராக இருந்தால் இதைப் படிக்கும்போதே பல்லைக் கடிப்பீர்கள்.

தொண்ணூறுகளில் மலாக்காவில் ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பதினொரு பேர் ஆயர் குரோ ஃபேக்டரியில் சேர்ந்தார்கள். அவர்களை ஏற்றி இறக்குவது என் வேலை.

போர்வைக்குள் பதினொரு பேர்

இரண்டாம் வாரமே ஒரு காலையில் நல்ல மழை. ஹார்ன் அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம், ஒருவரும் வரவில்லை. லெட்சுமி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினொரு பேரில் ஒருவர், இருபது வருடம் பால் வெட்டியவர். மரம் நனைந்தால் பால் வழிந்து வீணாகும், அதனால் தோட்டத்தில் மழை என்றால் வேலை கிடையாது. அக்கா போர்வையோடு வந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மழை பெய்யுதுல்ல தம்பி, நீ ஏன் இதுல பஸ்ஸ எடுத்துக்கிட்டு வந்தே?”

சூப்பர்வைசர் கொடுத்த பட்டம்

வீடு வீடாகப் போய் எல்லோரையும் எழுப்பி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் அம்மா பால் வெட்டித்தான் அவரைப் படிக்க வைத்தார். என்ன ஏது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடக்கணக்கில் விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் நின்று உழைத்த பெண்களை, ஃபேக்டரியே பார்க்க அவர் சொன்னது இது. கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“தோட்டத்து ஆளுங்க எல்லாமே மலாஸ் லா, சோம்பேறிங்க!”

ஆபீசில் ஒரு கையெழுத்து

மூன்று மாதம் முடிந்தது. வேலை நிரந்தரம் என்ற கடிதம் இருந்தால்தான் மலிவு விலை வீட்டுக்கு மனு போட முடியும். தோட்டத்து வீட்டையோ மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஆனால் பதினொரு பேருக்கும் கடிதம் இல்லை என்றார்கள். காரணம், அந்த ஒரே மழை நாள்! “பஸ் நேரத்துக்குப் போனது, இவர்கள்தான் வரவில்லை” என்று எழுதிய தாளை மேனேஜர் நீட்டி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வீடும் போய் வேலையும் போனால் இவர்கள் எங்கே போவார்கள்? “அன்றைக்குப் பஸ் ரோசாக். கெட்டுப்போய் வழியில் நின்றுவிட்டது” என்றேன். அவர்களுக்குக் கடிதம் கிடைத்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது, வார்னிங் கடிதம்.

நடந்ததை லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கோபித்துக்கொண்டார்.

“எதுக்குத் தம்பி பொய்யி? மழை பெஞ்சிச்சின்னு சொன்னா அவங்களுக்குப் புரியாதா?”

நன்றாக ஓடிய பஸ்ஸை ஓடவில்லை என்று சொல்லி வார்னிங் வாங்கிய டிரைவர் இந்த மலாக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.