பொம்மையின் நாடி

எங்கள் தெருவில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். பாதி கேலி, பாதி பெருமை. அவளோ மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த பெண் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். இருவருக்கும் ஒரே சம்பளம்.

இதற்காகத்தான் அவள் அப்பா தன் கடைசல் இயந்திரத்தை விற்றார். சொந்தப் பட்டறை வைத்திருந்த மனிதர், மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டு இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நின்றார். கல்லூரியில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்களாம். கட்டணம் இவ்வளவு, வரப்போகும் சம்பளம் இவ்வளவு, நாலே வருடத்தில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும் என்று. இரும்பை நூலளவும் பிசகாமல் கடைபவர், அந்தக் கணக்கை மட்டும் அளந்து பார்க்காமல் நம்பினார். எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படிப்பு முடிந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். கல்லூரிப் பெயரைப் பார்த்ததுமே, "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இந்த லட்சணத்தில் தங்கையும் அதே கல்லூரிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா பட்டறை முதலாளியிடம் பெரிய முன்பணம் வாங்கிவிட்டார். அதைக் கழிக்க, கை நடுங்கும் வயது வரை அங்கேயே நிற்க வேண்டும். டாக்டரம்மாவும் தடுக்கவில்லை.

"இவளாவது வெளிநாடு போயிட்டா, ரெண்டு பேருக்கும் போட்டதை எடுத்துடலாம் டெய்லரக்கா" என்றாள் என்னிடம். விட்ட இடத்தில் பிடிக்கிற ஆசை. பொல்லாத ஆசை அது.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், பயிற்சி ஆஸ்பத்திரியில் கட்டில் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும், அவளும் வந்து படுத்து, கூட நாலு பேரைக் கூட்டி வந்தால் தங்கை கட்டணத்தில் சலுகை உண்டு என்றார்கள். நாலு பேரில் நான் ஒருத்தி. தையல் மிஷினில் முதுகு ஒடிகிற எனக்குப் படுத்துக்கொள்ளக் கூலி என்றால் கசக்குமா?

வார்டில் மருந்து வாசனையே இல்லை. புது பெயின்ட் வாசனைதான். பச்சை அங்கி மாட்டி, சலைன் குழாயைக் கையில் பிளாஸ்திரியால் ஒட்டி, ஆளுக்கொரு நோயைத் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். எனக்கு மஞ்சள் காமாலை. டாக்டரம்மாவுக்கு விஷக் காய்ச்சல். எங்கள் இருவருக்கும் நடுவில் சால்வை போர்த்திய ஓர் அம்மா. கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகர் வேனில் ஏற்றி வந்தவர்களில் ஒருவர். மாடி ஏறும்போதே மூச்சு வாங்கினார். அவருக்குக் கால் முறிவு.

கடைசிக் கட்டிலுக்கு ஆள் குறைந்தது. பயிற்சிப் பொம்மையைக் கழுத்துவரை போர்த்திப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமும் அது கையைப் பிடிச்சுதான் படிச்சேன்க்கா. சுவிட்ச் போட்டா நாடி அடிக்கும்."

சுவிட்ச் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். எல்லோரும் அடங்கியதும் போர்வைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

அதிகாரிகள் மாடி ஏறும் நேரத்தில் சால்வையம்மா முனகினார். "நெஞ்சை அடைக்குதுப்பா... யாராவது பாருங்களேன்."

கல்லூரி மேற்பார்வைக்காரர் ஓடி வந்தார். "ஆஹா, அப்படித்தான்! ஆனா உங்களுக்குக் கால்தாம்மா, நெஞ்சு இல்ல" என்றார். வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அதிகாரிகள் வந்தபோது அவர் முனகலை நிறுத்தியிருந்தார். ஒருவர் அவர் கால்மாட்டில் நின்று, "நல்லா தூங்கறாங்க, எழுப்பாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

அவர்கள் கார் கிளம்பியதும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. செத்த வீடு போல் கிடந்த வார்டு சந்தைக்கடை ஆனது. சால்வையம்மா மட்டும் எழவில்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் பாரேன்" என்றேன்.

அவள் எழுந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நல்லா அடிக்குதுக்கா. அசதியில தூங்கறாங்க. விடுங்க."

படித்தவள் சொன்னால் சரிதானே? சாப்பிட்டோம். அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

ஆய்வு நாளில் மட்டும் வந்து போகும் வாடகை டாக்டர் ஒருவர், கிளம்புகிற வழியில் நின்று பார்த்தார். இமையைத் தூக்கினார். கழுத்தைத் தொட்டார்.

"இவங்க போயி ரொம்ப நேரம் ஆச்சே. யாரும் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். நாடி அடிச்சுது" என்றாள் டாக்டரம்மா.

"எந்த விரலால பார்த்தே?"

அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

"கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுதும்மா. நீ பார்த்தது உன் நாடி."

"பொம்மைக்கு எந்த விரல் வச்சாலும் அடிக்கும் சார்..." என்றாள் அவள். வார்டு மறுபடியும் அடங்கியிருந்தது. கடைசிக் கட்டிலில் டக், டக், டக்.

மேற்பார்வைக்காரர் தரகரைக் கூப்பிட்டு, "வந்த வேன்லயே ஏத்திடு. டிஸ்சார்ஜ்னு போட்டுடலாம்" என்றார். அந்த அம்மா யார், எந்த வீட்டுக்காரி, இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா பச்சை அங்கியோடு, கையில் குழாய் தொங்க, கீழே ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கட்டணம் கட்டும் ஜன்னலில், சலுகையோடு அன்றே சேர்ந்துவிட வந்திருந்த தங்கையும் அப்பாவும். பணக்கட்டு உள்ளே போய்விட்டது. எண்ணிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு, எண்ணுகிறவர் விரலிடுக்கிலிருந்து பணத்தை இழுத்தாள்.

"என்னம்மா இது?" என்று பதறினார் அப்பா.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

"உனக்குச் செஞ்சதை இவளுக்குச் செய்ய வேணாமா?"

"எனக்கு என்ன செஞ்சீங்கன்னு இப்பதான்ப்பா மேல பார்த்துட்டு வரேன்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். முன்பணம் முதலாளிக்கே திரும்பியது. தங்கை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டரம்மா இன்னும் மருந்துக்கடையில்தான் இருக்கிறாள். நாங்கள் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டோம். சில சாயங்காலம் வந்து என் மிஷின் பக்கத்தில் உட்காருவாள். என் கையை எடுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பாள். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

"என்னடி, இருக்கேனா, போயிட்டேனா?" என்று கேலி செய்வேன்.

"இருங்கக்கா. இது உங்களுதா, என்னுதான்னு இன்னும் தெரியல."