பாக்கியம் அக்கா கையில் இருந்த ரிமோட்

1. ஏணி

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து ஆட்கள் செல்வி என்பவரின் வீட்டுக் கரண்ட் வயரைக் கழற்ற ஏணி சாத்தியிருந்தார்கள். ஏறுவதற்குத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. "பாஸ் வரட்டும், அவரே கழட்டட்டும்" என்று எனக்காகக் காத்திருந்தார்கள். கடையில் முதலாளி என்னிடம் "சின்ன ரிப்பேர்தான், போயிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஹட்டன் டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். டீவி, டெக், அயர்ன் ரிப்பேர், தோட்டங்களில் வயரிங் எல்லாம் என் தலையில்தான். எங்கள் பக்கம் கைத்தொழில்காரன் எல்லோருக்கும் பாஸ் என்றுதான் பெயர். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்று இதை எழுதுகிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பத்துக் காம்பரா வரிசையாக ஒட்டிய லயம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். தொண்ணூறுகளில் அங்கே கரண்ட் வந்தபோது லயம் முழுக்க ஒரே மீட்டர்தான் கொடுத்தார்கள். தனித்தனி மீட்டர் கேட்டு நடந்து நடந்து அலுத்துப்போய், பில்லைப் பிரிக்க அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு வெளக்குக் கணக்கு என்று பெயர். எந்த வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக்கு அத்தனை பங்கு. ஆரம்பத்தில் வீடுகளில் பல்பைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு டீவி வந்தபோது அதையும் ஒரு விளக்காகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கணக்குப் பார்ப்பவர் பாக்கியம் அக்கா. கொழுந்தெடுத்துப் பென்ஷன் வாங்கியவர். மீட்டர் லயத்துக் கடைசியில், அவருடைய தொங்கல் காம்பரா சுவரில் இருந்தது. லயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. நியாயமானவர்தான், ஆனால் நியாயம் தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்.

"இங்க வாங்க பாஸ்" என்று என்னைச் செல்வி வீட்டு ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். "உள்ள பாருங்க. டீவி ஓடல. யாரும் பாக்கல. ஆனா எத்தன வெளக்கு எரியுதுன்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். டீவியில் ஒரு சிவப்புப் பொட்டு. டிஷ் டிகோடரில் ஒரு பச்சை. வீடியோ டெக்கில் மணி காட்டும் எழுத்து. பாட்டுக் கேட்கிற செட்டில் ஒரு நீலம்.

"நாலு வெளக்கு. ராவும் பகலும் எரியுது. இவ கட்டுறது ஒரு பல்பு, ஒரு டீவிக்கு. மத்தத யாரு கட்டுறது?"

பக்கத்துக் காம்பராக்காரியான செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், நாலு வருடம் கழித்துத் திரும்பியவர். அந்தச் சாமான்களெல்லாம் அங்கே உழைத்து வாங்கியவை. வந்த முதல் வாரம் சின்ன மகள் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கிறாள். இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து, மோட்டர் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கி, பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். வயரைக் கழற்றினால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் திரும்பவும் குவைத்துதான், டவுனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லிக் காத்திருக்கிறான். இதையெல்லாம் அவர் அழாமல், விலாசம் சொல்வது போல என்னிடம் சொன்னார்.

நான் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிக் காட்டினேன். அந்த நாலு விளக்குக்கும் சேர்த்து முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். "அக்கா, இது ஒரு குண்டு பல்பு இழுக்கிற அளவுகூட இல்ல" என்றேன்.

"கொஞ்சமோ நஞ்சமோ, எரியுதா இல்லையா?"

எரிகிறதுதான். மெயின் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் கறுத்துப்போயிருந்தது. பல்பும் டீவியும் அப்படிக் கறுக்க வைக்காது. "சூடாகுற சாமான் ஏதும் பாவிக்கிறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன். "நாங்க வெறகுலதான் சமைக்கிறோம்" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. அது பொய் இல்லை.

அடுத்த பில் வரும்வரை ஏணியை எடுத்து வைக்கச் சொன்னேன். பாக்கியம் அக்கா ஒத்துக்கொண்டார். பில் ஏறினால் தானே ஏறிக் கழற்றுவதாகவும் சொன்னார்.

2. விற்காத சாமான்

அந்த விளக்குகளை அணைக்க எளிய வழி சுவரில் உள்ள பிளக் பொயின்ட்டின் சுவிட்சை அணைப்பது. செல்வி வீட்டில் அதற்கு வழியில்லை. இருந்தது ஒரே ஒரு பொயின்ட், அதை மறைத்து இரும்புப் பெட்டி கனத்தில் ஒரு ஷோகேஸ். தையல் மெஷினுக்கு வாசல் பக்கம் வேறு வயர் இழுத்திருந்தார்.

எங்கள் முதலாளி அப்போது கொழும்பிலிருந்து ஒரு பெட்டி ரிமோட் பிளக் கொண்டுவந்து, விற்க முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பொயின்ட்டில் அதைச் செருகி, அதன்மேல் நம் சாமானைச் செருக வேண்டும். ரிமோட்டில் ஒரு பட்டனை அமத்தினால் கரண்ட் அடியோடு நின்றுவிடும். டீவி ரிமோட்டைப் போல நேருக்கு நேர் காட்டத் தேவையில்லை. ரேடியோ அலையில் வேலை செய்வதால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் அணைக்கலாம்.

"இத மாட்டினா பில்லு பாதியாகும்னு சொல்லுய்யா" என்றார் முதலாளி.

"ஆகாதே மொதலாளி."

"உனக்கு யாவாரமே தெரியாது."

உண்மைதான். தெரிந்திருந்தால் நானும் ஒரு கடை வைத்திருப்பேன். செல்வியிடம் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்தப் பிளக்கால் மிச்சமாவது சொற்பம். உத்தரவுக்குக் காத்திருக்க இதற்கே துளிக் கரண்ட் வேண்டும். நாலு சாமானையும் ஒரே மல்டி பிளக்கில் கோத்து இதில் மாட்டினால் அந்த நாலும் அணையும், அவ்வளவுதான், பில்லில் பெரிய மாற்றம் தெரியாது என்றேன்.

"பில்லு கொறையணும்னு கேக்கல பாஸ். வெளக்கு அணையணும்" என்றார் செல்வி.

ஷோகேஸை மூன்று பேர் சேர்ந்து நகர்த்தி மாட்டிக்கொடுத்தேன். பட்டனை அமத்தியதும் நாலு பொட்டும் ஒன்றாக அணைந்தன. செல்வி ரிமோட்டை வாங்கி இரண்டு தரம் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு நான் எதிர்பாராத வேலை ஒன்றைச் செய்தார். நேராக அடுத்த காம்பராவுக்குப் போய் அதைப் பாக்கியம் அக்கா கையில் கொடுத்தார்.

"இது எதுக்குடி எனக்கு?"

"நீங்களே வச்சிக்கிருங்க அக்கா. நாங்க படுக்கிற நேரம் இங்க இருந்தே அமத்துங்க. எங்க வீட்டுல வெளக்கு எரிஞ்சா அது நீங்க எரிய விட்டதா இருக்கட்டும்."

அக்காவுக்குக் கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெத்திலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில், வாங்கிய சாமானைத் தன்மேல் குற்றம் சொன்னவரிடமே ஒப்படைத்த வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

அக்கா அந்த வேலையைச் சும்மா செய்யவில்லை. செல்வி வீட்டில் நாடகம் முடியும் முன்பே டீவி அணையுமாம். "அக்கா, இன்னும் முடியலக்கா" என்று பிள்ளைகள் சுவரைத் தட்டுவார்களாம். "காலையில பள்ளிக்கூடம் இல்லையா, படுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருமாம். இதைச் செல்வியே கடைக்கு வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்தாலும் கண் அடுத்த பில்லின் மேல்தான் இருந்தது. ஏஜென்ட் ஆள் விட்டுக் கேட்டிருந்தான்.

3. பில் வந்தபோது

பில் ஏறித்தான் வந்தது. பனி கொட்டும் மாதம். நான் நினைத்ததைவிட அதிகமாகவே ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனால் அதே ஏணி, அதே இடத்தில். லயத்து ஜனம் முழுக்க வாசல் வராந்தாவில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தது. செல்வி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் வைத்தபடி நின்றார். சின்ன மகள் அவர் சேலையைப் பிடித்திருந்தாள்.

ஒருவர் எழுந்து, "அந்த மெஷினாத்தான் இருக்கும், கழட்டிருவோம்" என்றார். மெஷின் மோட்டர் ஒரு பெரிய பல்பு அளவு கரண்ட் எடுக்கும், அதுவும் மிதிக்கும்போது மட்டும்தான். அதை நான் சொல்ல வாயெடுக்கும் முன் பாக்கியம் அக்கா கையைக் காட்டினார்.

"இருங்க. மெஷின் வந்து ஆறு மாசமாச்சு. அப்ப ஏறல. இப்ப ஏறியிருக்கு. அந்த நாலு வெளக்கும் என் கையில இருந்துச்சு. நான் அமத்தாம ஒரு நாளும் படுக்கல. அப்ப ஏத்துனது அவ இல்ல." வெத்திலைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். "பாஸ், வெளக்கே எரியாம கரண்ட் குடிக்கிறது எதும் இருக்கா?"

"இருக்கு அக்கா. வாளியில போட்டு தண்ணி சுட வைக்கிற ஹீட்டர். செல்வி வீட்டு நாலு வெளக்கும் ரெண்டு நாளு ராவும் பகலும் எரிஞ்சா எவ்வளவோ, அத அது ஒரு மணித்தியாலத்துல குடிச்சிரும்."

லயத்தில் பல வீட்டில் அது இருந்தது. அந்தக் குளிரில் விடிகாலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் முகம் கழுவ, பிள்ளைகளைக் குளிப்பாட்ட, ஈர விறகோடு மல்லாட முடியாமல்தான் அதை வாங்கினார்கள். யாரும் ஒளித்து வைத்துப் பாவிக்கவில்லை. விளக்கு இல்லாத சாமானுக்கு வெளக்குக் கணக்கில் இடம் இல்லை. அதனால் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. யார் யார் எங்கள் கடையில் வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரன் அதைச் சபையில் சொல்லக் கூடாது.

பாக்கியம் அக்கா எழுந்து தன் காம்பராவுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஹீட்டர் இருந்தது. பழைய துவாயில் சுற்றியிருந்தது. அதை இஸ்தோப்பின் நடுவில் வைத்தார்.

"இது எங்க வீட்டுது. மருமக போன வருசம் வாங்கினா. இதுக்கு வெளக்கு இல்லன்னு நான் எண்ணல." கொஞ்சம் நிறுத்தி, "மத்தவங்க கொண்டாந்தாலும் சரி, கொண்டாராட்டியும் சரி. ஏணிய எடுங்கடா" என்றார்.

மூன்று வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. அன்றைக்கே கணக்கை மாற்றி, ஹீட்டர் உள்ள வீட்டுக்குத் தனிப் பங்கு போட்டார்கள். எவ்வளவு என்பதில் மட்டும் பெரிய சண்டை நடந்தது. அதற்குள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பில் ஏறுகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டால் மினுங்குகிற சாமானை முதலில் பார்க்காதீர்கள். எது சூடாகிறது என்று கேளுங்கள். சாமான் சும்மா இருக்கும்போது இழுக்கிற ஸ்டாண்ட்பை கரண்டை நிறுத்துவது நல்ல பழக்கம், ரிமோட் பிளக்கும் நல்ல சாமான். ஆனால் அது எவ்வளவு மிச்சம் பண்ணும் என்பதை விற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் செல்வி கடைக்கு வந்தார். கையில் பெரிய யூனிபோர்ம் பார்சல், கூடவே சின்ன மகள்.

"பாஸ், அக்காவோட ரிமோட்டுக்கு பெட்டரி வேணும்."

"இன்னும் அவங்ககிட்டயா இருக்கு? அன்னைக்கே திருப்பித் தரலையா?"

"தந்தாங்க. நான் வாங்கல. பக்கத்து காம்பராவுல மருமக எல்லாம் தூங்கின பொறகும் அவங்க தனியா முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. எங்க வீட்டு வெளக்க அமத்திட்டுத்தான் தூக்கம் வருதாம்."

சின்னதாக ஒரு பெட்டரியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கும்போதே டிக்கோயா பஸ் ஹோர்ன் அடித்தது. சின்னவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பஸ்ஸு வந்துருச்சும்மா, வாங்க" என்றாள்.