மேசைக்காலுக்கு ஐந்தாவது அட்டை

அந்தக் கடையில் சுத்தியல் கேட்டால் முதலில் கிடைப்பது கேள்விதான். "எந்தச் சுவர்? யாரு அடிக்கப் போறது? அடிச்சு எதை மாட்டப் போறீங்க?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகே அவள் கை அலமாரிப் பக்கம் போகும். தெருவில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். நேரில் எல்லாருக்கும் அக்கா.

பத்தொன்பது வயதில் பில் போட வந்தவள். அப்போது அவளுக்குத் திருப்புளி எது, உளி எது என்றுகூடத் தெரியாது. 'சரியில்லை' என்று திரும்பி வந்த சாமான்களை முதலாளி ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போய், கோளாறு சாமானிலா, பிடித்த கையிலா என்று தெரியும்வரை அதை வைத்து வேலை செய்துபார்ப்பாள். படித்த படிப்பு அவ்வளவுதான். பத்தில் ஒன்பது தடவை கோளாறு கையில்தான் இருந்தது. முதலாளி ஓய்ந்துபோய்க் கடையை அவளிடமே விட்டு இருபத்தாறு வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு மாறவில்லை.

கடைக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கடைப் பக்கம் அதில் சுத்தியலும் வாளும் ஸ்பேனரும் வரிசையாகத் தொங்கும். அந்தப் பக்கம், சுவரை ஒட்டி மிஷின் போட்டுத் தையல்காரரின் மனைவி தைப்பாள். அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. இரண்டு பக்கத்து உத்தரங்களும் அந்தச் சுவரின் தலையில்தான் உட்கார்ந்திருந்தன.

"நூல்கண்டு வைக்க ஒரு பலகை அடிக்கணும்க்கா. தரையில கிடந்தா நாளைக்குப் பிள்ளை வாயில போட்டுக்கும்," என்று வந்தார் தையல்காரர்.

"ஊசியைத் தவிர வேற ஏதாவது பிடிச்சிருக்கியா தம்பி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை சுத்தியல் பிடிச்சேன்."

"விரலெல்லாம் இருக்கா?"

"எண்ணிட்டுத்தான் வந்தேன்."

மூன்று சுத்தியல்களை மாறி மாறி அவர் கையில் கொடுத்தாள். "விரல் நுனி உள்ளங்கையை லேசாத் தொடணும். நகம் பதிஞ்சா பிடி சன்னம், எட்டலன்னா பிடி தடிமன்." மூன்றாவது பொருந்தியது. ஆணி பிடுங்கும் வாய் உள்ளது. அதோடு இரண்டு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், அளவு டேப், ரசமட்டம். "ஒரு வீட்டுக்கு இந்த ஏழு போதும். மிச்சமெல்லாம் கடைக்காரி வயித்துக்கு. ரெண்டு துளைக்காக டிரில் மிஷின் வாங்காத, என்னுதை எடுத்துட்டுப் போ."

ஒரு வாரம் கழித்து ரசமட்டத்தோடு வந்தார். "அக்கா, இது பொய் சொல்லுது. பலகை மாட்டினப்போ குமிழி நடுவுல நின்னுது. இப்போ முன்பக்கம் ஓடிடுச்சு."

அவள் அதை மேசைமேல் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. தலைகீழாகத் திருப்பாமல், இடவலமாக மாற்றி அதே இடத்தில் வைத்தாள். மறுபடியும் நடுவில். "மட்டம் கெட்டிருந்தா திருப்பி வைக்கும்போது காட்டிக்கொடுத்துடும். இது உத்தமம். உன் கைதான் கோணல். ஸ்க்ரூவை இறுக்கு, போ."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அந்த மேசைமேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. தினமும் கடை திறந்ததும் அதைச் சமம் பார்ப்பது வழக்கம். ஒரு மாதமாகச் சுவர்ப்பக்கத்துக் கால் தாழ்ந்துகொண்டே வந்தது. கரையான் என்று நினைத்து ஆணிப் பெட்டி அட்டையைக் கிழித்து அடியில் சொருகினாள். பிறகு இன்னொன்று. இப்போது நான்கு.

வேறு சிலவும் நடந்தன. தட்டில் பரப்பிவைத்த பேரிங் குண்டுகள் காலையில் சுவரோர மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எலி என்று பொறி வைத்தாள். வைத்த தீனி வைத்தபடியே காய்ந்தது. நடுப்பகலில் தெரு அடங்கும் நேரத்தில், தொங்கும் ஸ்பேனர் ஏதாவது ஒன்று 'ணங்' என்று ஒருமுறை ஒலித்து நிற்கும். லாரி போயிருக்கும் என்பாள். எட்டிப் பார்த்தால் தெருவில் ஒரு சைக்கிள்கூட இருக்காது.

மூன்றாம் முறை தையல்காரர் வந்தபோது கையில் ஒரு நூல்கண்டு மட்டும் இருந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

"பலகையில முன்னாடி வைக்கிற கண்டெல்லாம் உருண்டுபோய்ச் சுவரோட ஒட்டிக்குதுக்கா. இழுத்து வெச்சா மறுபடியும் போகுது. 'சுவர் கூப்பிடுது'ங்கறா அவ."

"பிள்ளைத்தாச்சிக்குக் கூரைகூடப் பேசும். இங்க வை, பார்ப்போம்."

மேசைமேல் கண்டு அசையாமல் நின்றது. "பாரு!" என்றாள் கேள்விக்காரி.

அவர் குனிந்து பார்த்தார். "கால்ல என்னக்கா இத்தனை அட்டை?" என்றபடியே கண்டைத் தரையில் வைத்தார்.

கண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நூலை அவிழ்த்துக்கொண்டே மெல்ல உருண்டு, மேசைக்கு அடியில் நுழைந்து, சுவரை மெதுவாகத் தட்டி நின்றது.

அவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். மாட்டியிருந்த சுத்தியல்கள் எப்போதும் சுவரில் முதுகு சாய்த்துத்தான் தொங்கும். இன்று ஒன்றுகூடச் சுவரைத் தொடவில்லை. நடுவில் கையை விட்டாள். நான்கு விரல் தாராளமாகப் போயிற்று. சுத்தியல்கள் நேராகத்தான் தொங்கின. சுவர்தான் தலையைக் கடைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

சுவரோரமாகவே நடந்து கடையின் பின்மூலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கே கசிந்த குழாய்க்கு அவளே டேப் சுற்றியிருந்தாள். 'டேப் வைத்தியமில்ல, வாய்ப்பூட்டு' என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். தரைக்கல்லில் கால் வைத்தாள். கல் அமுங்கியது. ஓரத்திலிருந்து தண்ணீர் எழுந்து விரல்களை நனைத்தது.

தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் மேல் ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, நுனிக்கு நேர் கீழே தரையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். குண்டு ஆடவேயில்லை. ஆனால் மூன்று மூச்சு விடுவதற்குள் நுனி புள்ளியை விட்டு விலகியிருந்தது.

"உன் கையில ஒரு தப்பும் இல்ல தம்பி," என்றாள். "என் குழாய்தான் அடிமண்ணைத் தின்னுருக்கு. ஓடு. அவளை வெளியில கூட்டிட்டு வா. எதையும் எடுக்காத."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளே அடுத்த வாசலுக்கு ஓடினாள். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் எல்லாக் கண்டும், தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல, சுவரை ஒட்டி வரிசையாக நின்றன.

"ஒரே ஒரு கை பாக்கிக்கா. தைச்சுட்டு—"

"கையில்லாத ஜாக்கெட்டாவே போட்டுக்கட்டும். எழுந்திரு தாயி!"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அதற்குள் தையல்காரரும் வந்து மறுபக்கம் பிடித்தார். எதிர்வாசல் நிழலில் போய் நின்றார்கள். வெயில். தெருவில் ஆளில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

"நல்லா ஏமாந்தோம்," என்று கர்ப்பிணி சிரிக்கத் தொடங்கினாள்.

அப்போது, ஆளில்லாத கடைக்குள் தொங்கிய சாமான்கள் அத்தனையும் சேர்ந்து ஒருமுறை ஒலித்தன. நிறுத்தி, இன்னொருமுறை. பிறகு உத்தரம் முறியும் சத்தம். மிஷின் இருந்த அறையின் வாசல் வழியாகப் புழுதி வெள்ளையாக, அவசரமில்லாமல் வெளியே நடந்து வந்தது.

இப்போது அவள் எதிர்ச்சாரியில் ஒரு தகரக் கொட்டகையில் விற்கிறாள். ஒரு வீட்டுக்கு அவள் சொல்லும் ஏழு சாமான் இப்போது எட்டாகிவிட்டது. எட்டாவது தூக்குக்குண்டு. மூன்றாக இருந்த கேள்வியும் நான்காகிவிட்டது. புதிய கேள்வியைத்தான் முதலில் கேட்கிறாள்.

"வீட்டுல எதுக்காவது அடியில அட்டை சொருகி வெச்சிருக்கீங்களா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல் காத்திருப்பாள். சிலர் பாதிச் சிரிப்பில் நிறுத்தி, "அலமாரிக்கு... ரெண்டு," என்பார்கள்.