ராஜா காலத்தில் ஊக்கு ஏது?

எங்கள் குடும்பம் எந்தப் படத்திலும் முதல் சீனைப் பார்த்ததே இல்லை. அடி அண்ணாமலையில் ஷேர் ஆட்டோ ஏறிப் பாதி வழி வந்ததும், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே இறங்கித் திரும்பிப் போவார். அடுப்பு எப்போதும் அணைந்துதான் இருக்கும். தியேட்டர் இருட்டில் அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு நாங்கள் சீட்டைத் தேடும்போது, திரையில் கதாநாயகன் யாரையாவது அடித்துக்கொண்டிருப்பான். அவன் யார், எந்தக் காலத்து ஆள், எதற்காக அடிக்கிறான், ஒன்றும் விளங்காது.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் என் சித்தப்பா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வயது ஏறிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. படம் முடிந்து திரும்பும்போது, நாங்கள் பார்க்காத முதல் சீனைப் பார்த்த மாதிரியே சொல்வார். அதெப்படித் தெரியும் என்று கேட்டால், மீதிப் படத்தை ஒழுங்காகப் பார்த்தால் முதல் சீன் தானாகத் தெரிந்துவிடுமாம். அவர் மேல் எனக்கு அப்படியொரு மரியாதை.

எந்தப் படமானாலும் அவர் சொல்லும் சீனில் ஒரு டவுன் பஸ் வந்து நிற்கும். ஒரு பெண் இறங்குவாள். இறங்கியதும் நடந்துவிட மாட்டாள். பின்னால் வரும் கிழவியின் கூடையை வாங்கிக் கீழே வைப்பாள். தோளில் ஜிப் போன பை, அதில் ஓர் ஊக்கு. பஸ் டிக்கெட்டை மடித்து வாட்ச் பட்டையில் சொருகியிருப்பாள்.

"ஒரு வசனம் கெடையாது பாரு. கூடைய வாங்கினாளா, நல்ல மனசு. ஜிப்பு போச்சின்னு பைய தூக்கிப் போடாம ஊக்கு குத்திக்கினாளா, சிக்கனம். மணி பாக்க வாட்ச் கட்டிகினு இருக்கான்னா செல்போன் ஜாஸ்தி வராத காலம். ஆளும் தெரிஞ்சிபோச்சி, காலமும் தெரிஞ்சிபோச்சி. அவன்தான் டைரக்டரு" என்பார்.

ஒருமுறை ராஜா காலத்துப் படம். சித்தப்பாவின் முதல் சீனில் பஸ்ஸுக்குப் பதில் ரதம் வந்து நின்றது. இளவரசி இறங்கினாள், கிழவியின் கூடையை வாங்கினாள். கூடவே ஊக்கு குத்திய பையும் இறங்கியது.

"டேய், ராஜா காலத்துல ஊக்கு ஏதுடா?" என்றார் அப்பா.

சித்தப்பா கொஞ்சமும் அசரவில்லை. "ஊக்குன்னா சொன்னேன்? கருவேல முள்ளு. அத வச்சிதான் ராஜா காலம்னே காட்டுறான்."

"டிக்கெட்டு?" என்றேன் நான்.

"ஓலை" என்றார். சிரித்த சிரிப்பில் அன்றைக்கு வீடு வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானது. பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று அப்பா அவசரப்பட்டார். கேசரியும் பஜ்ஜியும் கிடைக்கும் என்று அம்மா சொல்லியிருந்ததால் எனக்கு அந்தச் சம்பந்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. சித்தப்பா மட்டும் சோறு இறங்காமல் திரிந்தார். கேட்டால் வெயில் என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பா கடையில் உட்கார்ந்து எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் வந்து நின்றது. ஓர் அக்கா இறங்கினாள். திரும்பி நின்று ஒரு கிழவியின் கூடையை வாங்கினாள். பையைப் பார்த்தேன், ஊக்கு. கையைப் பார்த்தேன், வாட்ச், அதில் டிக்கெட்.

"சித்தப்பா! முதல் சீன்!" என்று கத்தினேன்.

கத்திய கத்தலில் அவள் ரோட்டைத் தாண்டி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். சித்தப்பா ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து, வேலை இருப்பவர் போல அதற்குள் குனிந்துகொண்டார்.

"இன்னா பாப்பா, எந்த சீனு?"

"நீங்கதாங்கா. எல்லாப் படத்துலயும் மொதல்ல நீங்கதான் பஸ்ல இருந்து எறங்குவீங்க. ராஜா படத்துல மட்டும் ரதம். பையில முள்ளு."

"யாரு சொன்னது?"

நான் கையைக் காட்டினேன். சித்தப்பாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எல்லாப் படத்துலயுமா?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பறம் கடைசில இன்னா ஆவுது?"

"தெரியாதுக்கா. சித்தப்பா முதல் சீன் மட்டும்தான் சொல்லுவாரு."

பதற்றத்தில் சித்தப்பா எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, அவருடைய உள்ளங்கை கறுப்பு வெள்ளையில் மெஷினிலிருந்து வெளியே வந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஊக்கைக் கழற்றி, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து, மறுபடி ஊக்கைக் குத்தினாள்.

"மீதியையும் அவரையே சொல்லச் சொல்லு. சாயந்தரம் ஸ்டாப்புலதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். பாவம், இந்த அக்கா வீட்டில் பாதிப் படத்திலேயே யாரோ அடுப்பை அணைக்கத் திரும்பிவிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சாயந்தரம் ஸ்டாப்புக்குப் போய்வந்த சித்தப்பா அன்றிரவு ஏதோ சொன்னார், அப்பா சத்தம் போட்டார். அம்மா அவரை அடக்கினாள். ஆரணிப் பயணம் நின்றுபோனது. வீட்டில் அழுதது நான் ஒருத்திதான், கேசரிக்காக. சில மாதம் கழித்து அந்த அக்கா வீட்டிலேயே கேசரி கிடைத்தபோது சமாதானமாகிவிட்டேன். அவளைச் சித்தி என்று கூப்பிடவும் பழகிக்கொண்டேன்.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா ஒரு படத்துக்கும் முதல் சீன் சொல்லவில்லை. ஆட்டோவில் நான் எவ்வளவு நச்சரித்தாலும், "மறந்துபோச்சும்மா" என்று சித்தியைப் பார்த்துச் சிரிப்பார். அவ்வளவு கெட்டிக்காரரைச் சித்தி இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று ரொம்ப நாள் அவள் மேல் கோபமாக இருந்தேன்.